பார்க்கலாம் சார் மதர்போர்டு வாங்கிய கதை

பெயிண்ட் கம்பெனியின் கொள்முதல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அந்த மனிதருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இருக்கவில்லை. டப்பா விற்க வந்தவர்கள், மூடி விற்க வந்தவர்கள், லேபிள் ஒட்டும் பசை விற்க வந்தவர்கள் எல்லோருக்கும் அவர் பார்க்கலாம் சார். எந்தச் சரக்கைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாலும், அது இல்லாவிட்டால் மறுநாள் தொழிற்சாலையையே இழுத்து மூட வேண்டும் என்ற நிலையிலும், அவர் அதை ஓரக்கண்ணால் ஒருமுறை பார்ப்பார். பிறகு, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன குடையைத் தள்ளுவதுபோல மேசை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, "பாக்கலாம்" என்பார்.

இதற்குப் பின்னால் ஒரு தத்துவம் இருந்தது. வேண்டும் என்று முகத்தில் காட்டினால் விலை ஏறும். அவ்வளவுதான் தத்துவம். ஒருமுறை மூடிக் கையிருப்பு அடியோடு தீர்ந்து, நிரப்பிய டப்பாக்கள் எல்லாம் தலையில்லாமல் வரிசையாக நின்றுகொண்டிருந்த நாளில், மூடி வியாபாரியை எதிரே உட்காரவைத்து அவருடைய மனைவியின் முழங்கால் வலியைப் பற்றி அரை நாள் விசாரித்தார். மூடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசியில் வியாபாரியே பொறுக்கமாட்டாமல் கெஞ்சிக் கூத்தாடி, அடிமாட்டு விலைக்கு மூடியைக் கொடுத்துவிட்டுப் போனார். நிர்வாகம் முதுகில் தட்டிக்கொடுத்தது. அந்தத் தட்டு விழுந்த நாளிலிருந்து மனிதர் தத்துவத்தை வீட்டுக்கும் எடுத்து வரத் தொடங்கிவிட்டார். அலுவலகப் பேனாவை வீட்டுக்கு எடுத்து வருகிறவர்கள் உண்டு. அதனால் குடும்பத்துக்குப் பெரிய கேடு ஒன்றும் வந்துவிடாது.

பல் வலி என்று டாக்டரிடம் போனால் முதலில் காதைக் காட்டுவார். பல்தான் என்று தெரிந்தால் டாக்டர் பெரிதாக எதையாவது ஆரம்பித்துவிடுவாராம். காதுக்கு விடும் சொட்டு மருந்தோடு வீடு திரும்பி, கன்னம் பொதபொதவென்று வீங்கிப் படுத்துக் கிடப்பார். பசித்தால் சாப்பாடு போடு என்று சொல்லமாட்டார். சமையலறை வாசலில் வந்து நின்று, சுவர்க் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று விசாரிப்பார். கல்யாணப் பேச்சு நடந்த காலத்தில் பெண்ணை ஒரு சொந்தக்காரர் வீட்டில் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் மனசு போய் விழுந்துவிட்டது. வெளியே வந்ததும் பெரியவர்கள் எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த வாய் என்ன சொல்லியிருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பெண் வீட்டார் அந்த மாதம் முழுக்கச் சரியாகத் தூங்கவில்லை. வேறு இடம் அமையாததால் தன்னைக் கட்டிக்கொண்டார் என்ற முடிவோடுதான் அந்தப் பெண் இந்த வீட்டுக்குள் காலடி எடுத்து வைத்தாள். அந்த முடிவை மாற்றிக்கொள்ள அவளுக்கு இன்றுவரை ஒரு காரணமும் கொடுக்கப்படவில்லை.

அவளும் சும்மா உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை. பின்னறையில் ஒரு எம்பிராய்டரி மெஷின் வைத்திருக்கிறாள். நர்சுகளின் சட்டைப் பையில் வரும் முத்திரை, காவலாளிகளின் தோளில் வரும் பட்டை, பள்ளிப் பிள்ளைகளின் பேட்ஜ் என்று அந்த வட்டாரத்தில் யாருடைய நெஞ்சில் எது பளபளத்தாலும் அது அநேகமாக அவள் கைவேலையாக இருக்கும். மெஷினுக்கு எந்த நூலை எங்கே குத்துவது என்று சொல்லிக்கொடுக்கப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர். மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் வாங்கியது. மகளுக்குக் கல்யாணமாகி, குழந்தை பிறந்து, அந்தக் குழந்தை நடக்கவும் ஆரம்பித்துவிட்டது. கம்ப்யூட்டர் மட்டும் அதே பானை வயிற்று மானிட்டரோடு அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. காலையில் ஸ்விட்சைப் போட்டுவிட்டுப் போய்க் குளித்துவிட்டு வந்தால், அப்போதுதான் தூக்கம் கலைந்த மாதிரி திரை வெளுக்கும்.

மாற்றித் தொலைக்கலாமே என்று வெளியிலிருந்து சொல்வது சுலபம். டிசைன் போடும் சாஃப்ட்வேருக்கு ஒரு சாவி உண்டு. தீப்பெட்டி அளவில் ஒரு பிளாஸ்டிக் கட்டி. கம்ப்யூட்டரின் முதுகில், பழைய காலத்துப் பிரிண்டரை மாட்டுகிற நீளமான துளையில் அதைச் செருகினால்தான் சாஃப்ட்வேர் வாயைத் திறக்கும். புதுக் கம்ப்யூட்டர்களின் முதுகில் அந்தத் துளையே கிடையாது. சாஃப்ட்வேர் விற்ற கம்பெனியைக் கேட்கலாம் என்றால் கம்பெனியே கிடையாது. வேறு புதிதாக வாங்கினால் அவள் இத்தனை வருஷமாகப் போட்டு வைத்திருக்கும் டிசைன் ஒன்றுகூட அதில் திறக்காது. ஆக அந்த வீட்டில் எதை வேண்டுமானாலும் மாற்றலாம், புருஷனைக்கூட மாற்றலாம், அந்தக் கம்ப்யூட்டரை மாற்ற முடியாது.

மகள் வேறு ஊரில் இருந்தாள். வேலையில் பெரிய பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் இல்லை, அம்மா வந்து கொஞ்ச நாள் இருக்க வேண்டும் என்று போன் செய்தாள். மகள்கள் சொல்லும் கொஞ்ச நாள் எவ்வளவு நாள் என்பது ஊருக்கே தெரியும். குழந்தை பள்ளிக்கூடம் போகும்வரை இருக்கும், போனபின் அழைத்து வர ஆள் வேண்டியிருக்கும், அதற்குள் இன்னொன்று பிறக்கும். அம்மா உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வைத்தாள். அதே வாரத்தில் ஒரு காலை, நர்சிங் ஹோம் முத்திரை பாதி தைத்துக்கொண்டிருக்கும்போது, கம்ப்யூட்டரின் உள்ளே பட்டென்று ஒரு சத்தம் கேட்டு, திரை இருண்டு, அறை முழுக்கக் கருகல் வாடை அடித்தது.

நம் ஆள் கணக்குப் போட்டுப் பார்த்தார். கம்ப்யூட்டர் போனால் மெஷின் நிற்கும். மெஷின் நின்றால் அவளுக்கு இங்கே வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டிவிடுவாள். இந்த வீட்டில் தானும் சுவர்க் கடிகாரமும் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காட்சி அவர் கண்முன்னே வந்து நின்றது. போகாதே என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை, அலைச்சலும் இல்லை. ஆனால் வேண்டும் என்று முகத்தில் காட்டுகிற வேலை அது. அதனால் அதை விட்டுவிட்டு, கம்ப்யூட்டரை எப்படியும் ஓடவைத்துவிடுவது என்று முடிவு கட்டினார். அவளிடம் எதையும் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை.

வழக்கமாக வரும் மெக்கானிக் வந்து மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

"மதர்போர்டு போயிடுச்சு சார். போன தடவயே ஒட்டுப் போட்டுத்தான் ஓட்டிக் குடுத்தேன். இந்தத் தடவ கரியாயிடுச்சு."

"வேற வழி?"

"இதே மாடல் பழைய போர்டு ஒண்ணு கெடச்சா ஒடனே மாத்திக் குடுத்துடுவேன். என்கிட்ட இல்ல. பழைய சாமான் விக்கிற காம்ப்ளெக்ஸ் இருக்குல்ல, அங்க போங்க. இந்த நம்பர போன்ல படம் எடுத்துக்குங்க. கடைக்காரன்கிட்ட படத்த காட்டி, இது வேணும்னு நேரா கேளுங்க."

நேராகக் கேட்பது. தெருவில் சட்டையில்லாமல் நடக்கச் சொல்லியிருந்தாலும் அவருக்கு இவ்வளவு கூச்சம் வந்திருக்காது. தலையை மட்டும் ஆட்டி வைத்தார்.

பழைய சாமான் காம்ப்ளெக்ஸ் மூன்று மாடிக் கட்டிடம். லிஃப்ட் செத்துப்போய், அதன் வாசலில் யாரோ கடை போட்டிருந்தார்கள். நடைபாதையின் இரண்டு பக்கமும் பொந்து பொந்தாகக் கடைகள். ஒவ்வொரு பொந்திலும் தலைக்கு மேலே ஒயர்கள் தொங்க, ஈயம் உருக்கும் புகைக்கு நடுவே ஒரு முகம். முதல் கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார். வியாபாரத்தில் இதைவிட நியாயமான கேள்வி கிடையாது. நம் ஆள் அதைப் பொறியாகத்தான் பார்த்தார்.

"ஒண்ணும் வேணாம். சும்மா, என்னென்ன வெச்சிருக்கீங்கன்னு."

"என்ன வேணுமோ சொல்லுங்க சார், எடுத்துத் தரேன்."

"பாக்கலாம்."

பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். வந்ததற்கு ஒன்றும் வாங்காமல் போனால் சந்தேகம் வரும் என்று, கடைசியில் ஒரு கீபோர்டை வாங்கிக்கொண்டு கிளம்பினார். அடுத்த கடையில் ஒரு கேபிள். இரண்டாம் மாடியில் ஒரு மின்விசிறி, உள்ளங்கை அளவில். அது எந்தக் கம்ப்யூட்டருக்குள் பொருந்தும் என்று விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. இப்படியாக எதுவும் வேண்டாத ஒரு மனிதர் கை நிறையச் சாமானோடு மூன்றாம் மாடிக்கு வந்து சேர்ந்தார்.

மூன்றாம் மாடியில், செத்த மானிட்டர்களுக்கு நடுவே ஒரு கடைக்காரர் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். அவருடைய தலைக்குப் பின்னால், சுவரில் அடித்த ஆணியில் ஒரு மதர்போர்டு தொங்கியது. கடைக்காரர் அதன் இடுக்குகளில் பேனாவும் பல்குத்தும் குச்சியும் தம் மூக்குக் கண்ணாடியும் செருகி வைத்திருந்தார். ஒரு ஓரத்தில் கருஞ்சிவப்பு நிறத்தில் அந்த நீளமான பிரிண்டர் துளை தெரிந்தது. மணி பார்க்கிற சாக்கில் நம் ஆள் போனை எடுத்துப் படத்தைப் பார்த்தார். எழுத்துக்கு எழுத்து அதே நம்பர். ஆகவே கடைக்காரரைப் பார்த்து, மவுஸ் இருக்கிறதா என்று கேட்டார்.

வீட்டில் அவர் மனைவி அந்தச் சாமான்களை மேசைமேல் வரிசையாக எடுத்து வைத்தாள்.

"போனது போர்டுன்னுதானே மெக்கானிக் சொன்னாரு? கீபோர்டு நல்லாத்தானே இருந்துச்சு."

"இருக்கட்டும். உபயோகப்படும்."

"அப்ப போர்டு?"

"பேச்சுவார்த்தை நடந்துட்டு இருக்கு."

பேச்சும் நடக்கவில்லை, வார்த்தையும் நடக்கவில்லை. அன்று சாயங்காலம் பரண்மேலிருந்து பெரிய பெட்டி கீழே இறங்கியிருந்தது. அவள் அதைத் துடைத்து, வாயைத் திறந்து, வெயிலில் வைத்திருந்தாள். அவர் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார். அது யாருக்கு, எதற்கு என்று கேட்கவில்லை. பெட்டியின் ஜிப்பு சரியாக இழுபடுகிறதா என்று மட்டும் விசாரித்தார். இழுபடுகிறது என்று அவள் சொன்னாள். அந்தப் பதில் அவருக்குச் சுருக்கென்றது.

இரண்டாவது முறை போனபோது ஸ்பீக்கர் வாங்கினார். போர்டு அங்கேயே தொங்கியது. மூன்றாவது முறை, கொள்முதல் பிரிவில் தாம் கற்ற மொத்த வித்தையையும் இறக்கிவிடுவது என்ற தீர்மானத்தோடு படியேறினார். வாங்க நினைக்கும் சரக்கை முதலில் மட்டம் தட்ட வேண்டும். விற்பவனுக்கே அதன்மேல் வெறுப்பு வர வேண்டும். அதற்குப் பிறகு, போனால் போகிறது என்று அடிமாட்டு விலைக்குக் கேட்க வேண்டும். மூடி வியாபாரியில் தொடங்கி பசை வியாபாரிவரை யாரும் இதற்குத் தப்பியதில்லை.

"ஏங்க, இதெல்லாம் எதுக்குச் சுவத்துல மாட்டி வெச்சிருக்கீங்க?" என்று தொடங்கினார், கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு.

"எதெல்லாம்?"

"இந்தப் பழைய போர்டு, அந்த மூலையில கெடக்குற குப்பையெல்லாம். இந்தக் காலத்துல இதை யாரு வாங்குவா? எடத்த அடைச்சிக்கிட்டு, தூசி பிடிச்சிக்கிட்டு. கடைக்குள்ள வர்றவனுக்கு நிக்க எடம் இல்ல."

கடைக்காரர் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டு, முதல் தடவையாகத் தம் கடையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். முகம் வாடிப்போயிற்று. நம் ஆளுக்கு உள்ளே குளிர்ந்தது. விதை விழுந்துவிட்டது, இன்றைக்கே பறிக்கக் கூடாது, நாளைக்கு வந்து பறிக்கலாம் என்று இன்னொரு மவுஸை வாங்கிக்கொண்டு திரும்பினார். படி இறங்கும்போது சீழ்க்கை அடித்ததாகக்கூடச் சொல்கிறார்கள்.

மறுநாள் போனபோது கடை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மூலை காலி. தரை தெரிந்தது. சுவரில் ஆணி மட்டும் இருந்தது. அதில் மூக்குக் கண்ணாடி தனியாகத் தொங்கியது. கடைக்காரர் எழுந்து நின்று வரவேற்றார். ஒரு நாற்காலியைக்கூட இழுத்துப் போட்டார்.

"வாங்க சார், வாங்க. நீங்க சொன்னது மனசுல தச்சுடுச்சு. உண்மைதானே. நாலு தடவ வர்ற நீங்களே ஒரு தடவகூட அந்தச் சாமான ஏறெடுத்துப் பாக்கல. அப்புறம் எதுக்கு வெச்சிருக்கணும்? நேத்தே மொத்தத்தையும் எடைக்குப் போட்டுட்டேன். இப்ப எப்படி இருக்கு, சொல்லுங்க."

நம் ஆளின் முகத்தில் ஈயாடவில்லை. "அந்த... சுவத்துல இருந்த போர்டு?"

"அதுவும்தான்."

"அது எனக்கு..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

கடைக்காரர் அவரை உற்றுப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்ததும் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. "அதுக்குத்தான் வந்துட்டு இருந்தீங்களா? யோவ், ஒரு வார்த்தை கேட்டிருந்தா சும்மாவே கழட்டிக் குடுத்திருப்பேனே. பேனா குத்தி வெச்சிருந்த சாமானுக்கு நான் காசா கேக்கப் போறேன்?" சார் என்பது யோவ் ஆனதை இருவருமே கவனிக்கவில்லை.

எடைக்கு வாங்கும் இடம் ஊரின் விளிம்பில் இருந்தது. வேகமாக நடந்தே பழக்கமில்லாத மனிதர் அங்கே ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தார். தகரக் கொட்டகைக்குக் கீழே ஒரு மலை. பச்சையும் பழுப்புமாகப் போர்டுகளின் மலை. அடிவாரத்தில் எடை இயந்திரத்தின்மேல் காலை வைத்துக்கொண்டு கொட்டகைக்காரர் உட்கார்ந்திருந்தார். மூச்சு இரைக்க இரைக்க, நம் ஆள் தம் ஆயுளில் முதல் தடவையாக ஒரு வியாபாரியின் முகத்தைப் பார்த்து, வேண்டியதைக் கேட்க வாயைத் திறந்தார்.

"எனக்கு ஒரு போர்டு வேணும். நேத்து காம்ப்ளெக்ஸ் மூணாம் மாடியில இருந்து வந்தது. இதோ படம். ரொம்ப அவசரம். நீங்க என்ன வெல சொன்னாலும் சரி."

அனுபவம் இல்லாதவர்கள் எந்தக் காரியத்தையும் கொஞ்சம் அதிகமாகவே செய்துவிடுவார்கள். கொட்டகைக்காரர் காலைக் கீழே இறக்கினார். இந்தத் தொழிலில் இத்தனை வருஷத்தில், என்ன விலை சொன்னாலும் சரி என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. படத்தைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன வெல சொன்னாலும் சரியா?"

"சரி."

"அப்ப அதுக்குள்ள என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. வெறும் போர்டு."

"வெறும் போர்டுக்கு யாராச்சும் இப்படி ஓடி வருவாங்களா? போர்டுல பூசுற தங்கம் கிங்கம் இதுல அதிகமோ? சொல்லாம தர மாட்டேன். நானே பிரிச்சுப் பாத்துக்கறேன்."

வேண்டாம் என்று காட்டியதில் ஒருமுறை போயிற்று. வேண்டும் என்று காட்டியதில் இப்போது போய்க்கொண்டிருக்கிறது. மனிதர் அங்கே கிடந்த ஒரு பழைய சி.பி.யூ. பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். வேறு வழி தெரியாமல் உள்ளதை உள்ளபடி கொட்டினார். பின்னறை, மெஷின், நர்சிங் ஹோம் முத்திரை, தீப்பெட்டிச் சாவி, மகளின் போன், வெயிலில் காயும் பெட்டி, எல்லாம்.

"இது ஓடலேன்னா அவ போயிடுவா," என்று முடித்தார். "அவ இல்லாம அந்த வீட்டுல என்னால இருக்க முடியாது."

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டார். இத்தனை வருஷம் பூட்டி வைத்திருந்த சரக்கு, முன்பின் தெரியாத ஒரு ஆளிடம், ஒரு தகரக் கொட்டகையில் இறங்கியிருக்கிறது. கொட்டகைக்காரர் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்துகொண்டார்.

"இது நெசமாத்தான் இருக்கணும்," என்றார் கடைசியில். "பொய் சொல்ல வர்றவன் இதவிட நல்லதா ஒண்ணு யோசிச்சுக்கிட்டு வருவான்." எழுந்து போய், நேற்று வந்த மூட்டையைக் கவிழ்த்தார். போர்டு மேலாகவே கிடந்தது. இடுக்கில் ஒரு பல்குத்தும் குச்சி இன்னும் நின்றுகொண்டிருந்தது. எடைக்கு என்ன உண்டோ அதை மட்டும் வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார்.

மெக்கானிக் வந்து, பழைய போர்டைக் கழற்றி, இதை மாட்டி, சாவியை முதுகில் செருகி, ஸ்விட்சைப் போட்டார். விசிறி உறுமியது. திரை தன் வழக்கப்படி ஆற அமர வெளுத்தது. டிசைன்கள் ஒன்று குறையாமல் வந்து நின்றன. அவர் மனைவி மானிட்டரின் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நிம்மதியாக மூச்சு விட்டாள். நம் ஆள் அறை வாசலில் நின்று இதைப் பார்த்தார். முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. உள்ளே மட்டும் பெரிய வெற்றி ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. அன்று இரண்டு தடவை சாப்பாடு போட்டுக்கொண்டார். மத்தியானம் குறட்டை விட்டுத் தூங்கினார்.

எழுந்து முகம் கழுவிக்கொண்டு பின்னறைப் பக்கம் வந்தபோது மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தது அவர் மனைவி இல்லை. கீழ் வீட்டு மருமகள். பக்கத்தில் இவள் நின்றுகொண்டு, எந்த டிசைனை எங்கே திறப்பது, நூல் அறுந்தால் எதை அமுக்குவது என்று காட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க," என்றாள் அவரைப் பார்த்து. "நல்ல வேளை, கெடச்சுது. ரெண்டு முத்திரை இவளே தச்சுட்டா, பாருங்க. கை நல்லா வருது. நர்சிங் ஹோம் வேலைய இவ பாத்துப்பா. பொண்ணுகிட்ட சொல்லிட்டேன். டிக்கெட் போட்டுட்டா. ஞாயித்துக்கிழமை கெளம்பறேன்."

அவருக்கு முதலில் காதில் விழவே இல்லை. விழுந்தபின் புரியவில்லை.

"கெளம்பறியா? அதான் ஓடுதே."

"ஓடுது, அதான் கெளம்பறேன். வாக்குக் குடுத்த வேலைய அந்தரத்துல விட்டுட்டு எப்படிப் போறது? அது ஒண்ணுதான் தடையா இருந்துச்சு. பொண்ணுகிட்டயும் அதச் சொல்லித்தான் தள்ளிப் போட்டுட்டு இருந்தேன்."

ஆக, அவளை இந்த வீட்டில் பிடித்து வைத்திருந்த ஒரே ஒரு ஆணியை, மாடி மாடியாக ஏறி, மலையைக் கிளறி, தம் சொந்தக் கையால் பிடுங்கிக் கொடுத்திருக்கிறார். கம்ப்யூட்டர் செத்துக் கிடந்தவரை அவள் இங்கே இருந்தாள். அதை அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். இவ்வளவு கச்சிதமாகத் தம் தலையில் தாமே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்ட கொள்முதல் அதிகாரி எந்தக் கம்பெனியிலும் இருந்திருக்க முடியாது.

அவள் நூல் கண்டைச் சுற்றிக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "நீங்க கடை கடையா அலையறதப் பாத்துட்டு, என்னை அனுப்பி வெக்க இவ்வளவு அவசரமான்னு மொதல்ல கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்துச்சு. அப்புறம், சரி போகட்டும்னு விட்டுட்டேன்."

அவள் சொன்னதில் கோபம் இல்லை. அதுதான் அவரை அடித்தது. கல்யாணமான நாளிலிருந்து இப்படி எத்தனை தடவை சரி போகட்டும் என்று விட்டிருப்பாள் என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. வழக்கம்போலக் கடிகாரத்தைப் பார்த்தார். கேட்க ஒன்றும் இல்லை. அது சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் அதுக்கு அலையல," என்றார்.

"பின்ன எதுக்கு?"

"நீ போயிடக் கூடாதுன்னுதான்."

கீழ் வீட்டு மருமகள் தலையைத் திருப்பவில்லை. மெஷினை மட்டும் நிறுத்திவிட்டாள்.

"என்ன சொன்னீங்க?"

"இது ஓடினா நீ இங்கயே இருப்பேன்னு நெனச்சேன். நீ இல்லாம எனக்கு முடியாது. எனக்கு நீ வேணும்." விலை ஏறினால் ஏறட்டும் என்ற நிலைக்கு மனிதர் வந்துவிட்டிருந்தார்.

அவள் நூல் கண்டைக் கீழே வைத்தாள். "டிக்கெட் போட்டாச்சே," என்றாள் பிறகு, மெதுவாக. "குழந்த வேற அங்க தனியா தவிக்குது."

"போகாதேன்னு சொல்லல. எனக்கும் ஒண்ணு போடச் சொல்லு. நானும் வரேன்."

அவள் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள். உங்கப்பாவும் வருகிறாராம், அவருக்கும் சேர்த்து டிக்கெட் போடு என்றாள். அந்தப் பக்கத்தில் மகளுக்கு நம்பிக்கை வரவில்லை. நீயாகக் கூப்பிட்டாயா, அவர் என்ன சொன்னார், பார்க்கலாம் என்றாரா என்று அவள் கேட்பது அறை முழுக்கக் கேட்டது.

"இல்லடி. நான் ஒண்ணும் கூப்பிடல," என்றாள் அம்மா. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, பிறகு சொன்னாள்: "அவராத்தான் கேட்டாரு."